எச்சில் கை

போர்ட் பிளேர் ஹோட்டல் ஒன்றில் வியாபாரிகள் சந்திப்பு, மதியச் சாப்பாட்டு நேரம். வெறுங்கையோடு நிற்கக் கூச்சப்பட்டுத்தான் சுலைஹா முதல் ஆளாகத் தட்டை எடுத்தாள். இப்போது சுவரோடு ஒட்டி நின்று மீன்குழம்புச் சோற்றை உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஹேடோ துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதுகிறது. தட்டுக்கு அடியில், இடது கை விரலிடுக்கில், அவளுடைய மீன் ஊறுகாய்க் கடையின் கார்டு வியர்வையில் நமுத்துப்போயிருக்கிறது. இன்றைக்கும் ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையை மூடுவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. காலையிலிருந்து அவள் தூரத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், வண்டூர் ரிசார்ட்டுக்குச் சரக்கு வாங்கும் பிஸ்வாஸ், தானாகவே அவள் முன்னால் வந்து நிற்கிறார். “ஆப்கா கார்டு?” என்று அவளுடைய கார்டைக் கேட்டுக் கை நீட்டுகிறார். அவளுடைய வலது கை முழுக்கக் குழம்பு. இடது கையால் யாருக்கும் எதையும் கொடுத்துப் பழக்கமில்லாத வீட்டுப் பெண் அவள். தட்டை வைக்க இடம் தேடுகிறாள்; மேசை பத்தடி தள்ளி இருக்கிறது. “எந்தக் கையாலயாச்சும் குடேன்டி,” என்று பக்கத்தில் நிற்கும் தோழி ஹசீனா பல்லைக் கடிக்கிறாள். சுலைஹாவின் விரல்கள் கார்டை இன்னும் இறுக்குகின்றன. “கோயி பாத் நஹி, ஆப் காயியே,” பரவாயில்லை, சாப்பிடுங்கள் என்று கையமர்த்திவிட்டு அவர் அடுத்தவரிடம் போகிறார். சுலைஹா சாப்பிடுகிறாள். தட்டு காலியானதும், பசியே இல்லாமல், மறுபடியும் சோற்று வரிசையில் போய் நிற்கிறாள்.