முத்திரைக்கு ஒரு மிஷின்

முத்திரை என்கிறவன் கைவினைப் பொருள் கடைக்குள் நுழைந்ததும், பின்னாலேயே வந்த மஃப்டி போலீஸ்காரர் ரிப்பன் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. போலிச் சான்றிதழ்களில் அவன் பதித்த முத்திரை அசலைவிட அழகாக இருந்ததால் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. போன மாதம்தான் ஜெயிலிலிருந்து வந்திருந்தான். வேலைவெட்டி எதுவும் கிடைத்ததாகத் தகவல் இல்லை. அதனால் ஆள் மாற்றி ஆள் பின்தொடரும்படி மேலிடத்து உத்தரவு.

முத்திரை நேராகப் போய் நின்றது, காகிதம் வெட்டும் மின்னணு மிஷின்களுக்கு முன்னால்.

"தடி அட்டை வெட்டுமா?" என்று கடைக்காரம்மாவிடம் கேட்டான்.

"வெட்டும் சார். பிளேடை மட்டும் மாத்தணும்."

"அச்சடிச்ச படத்தோட ஓரத்தை அதுவே பார்த்து வெட்டணும். மயிரிழை பிசகக் கூடாது."

"அந்த நடுவுல இருக்கிறது வெட்டும்."

"மின்னுற ஸ்டிக்கர் தாள்? மேல் தாள் மட்டும் வெட்டுப்படணும். அடித்தாள்ல கீறல்கூட விழக் கூடாது."

"அழுத்தத்தைக் குறைச்சு வெச்சா போதும்."

முத்திரை அக்கம்பக்கம் பார்த்தான். "சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா?"

ரிப்பன்களுக்கு நடுவே போலீஸ்காரரின் காது விடைத்தது. செல்போனில் மேலதிகாரியைக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "ஐயா, பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சான்றிதழ்ல ஒட்டுற மின்னுற ஸ்டிக்கர் வரைக்கும் போயிட்டான். தூக்கிடவா?"

"மிஷின் பார்க்கிறது குற்றமாய்யா? கையும் களவுமா பிடிக்கணும். இவனைக் கோட்டை விட்டேன்னா உன்னை லாக்கப் பெருக்க விட்டுடுவேன். கஸ்டமர் மாதிரி ஒட்டிக்கிட்டே நில்லு."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே கடைக்காரம்மா. "உங்களுக்கு என்ன சார் வேணும்?"

போலீஸ்காரர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழித்தார். "அது... வீட்டுல ஆல்பம் செய்வாங்க. போட்டோ ஒட்டி, சுத்திவர பூ, இலையெல்லாம் வெட்டி..."

பொய்யில்லை. கத்தரி பிடித்துப் பிடித்து அவர் மனைவிக்குக் கட்டைவிரல் காய்த்தே போயிருந்தது.

முத்திரை திரும்பினான். "கத்தரியிலயா வெட்டுறாங்க? பாவம். இங்க வாங்க தம்பி."

தப்பிக்க வழியில்லை. போனார்.

"வெறும் தாள்தானா, துணியும் வெட்டுவாங்களா?"

"தாள்தான்."

"அப்போ ரொம்பப் பெரிசா எதுக்கு? சின்னதும் வேண்டாம், ஆல்பம் பக்கம் முழுசா உள்ளே போகாது. சாப்ட்வேருக்கு மாசாமாசம் காசு கேட்பாங்களான்னு பாருங்க. பிளேடு தேய்ஞ்சா இங்கேயே கிடைக்குமான்னு கேளுங்க. முக்கியமா, ஓட்டிப் பார்க்காம வாங்காதீங்க."

கடைக்காரம்மா பசை தடவிய பிளாஸ்டிக் பாயில் ஒரு தாளைப் பதித்து உள்ளே செலுத்தினாள். மிஷின் முனகியபடி தாளை முன்னும் பின்னும் இழுத்தது. உரித்தெடுத்தால், நரம்பு நரம்பாக ஒரு பட்டாம்பூச்சி.

போலீஸ்காரர் வந்த வேலையை மறந்து வாய் பிளந்தார். "அட, மீசையில்கூட பிசிறில்லையே."

சற்று நேரத்தில் மிஷின், உதிரி பிளேடு, இன்னொரு பாய், கலர் அட்டை என்று அவர் கை நிறைந்துவிட்டது. வேஷம் கலையாமலிருக்க வேறு என்ன செய்வது?

"யோசிச்சுட்டு வர்றேம்மா" என்று முத்திரை வெறுங்கையோடு வெளியேறினான்.

போலீஸ்காரர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். தெருமுனையில் ஆளைக் காணோம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மேலதிகாரிக்கு என்ன சொல்வது, மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசித்தார். மனைவிக்குச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

அதற்குள் முத்திரை சந்து வழியாகச் சுற்றிவந்து கடையின் பின்கதவைத் தட்டியிருந்தான். கடைக்காரம்மா கதவைச் சாத்திவிட்டு டீயை நீட்டினாள்.

"அந்தாளுக்குச் சந்தேகம் வரலியே?" என்று கேட்டான்.

"உங்க மேல நிறைய. என் மேல துளிகூட இல்ல."

"நாளைக்கும் இதே நேரம்தானே?"

"வந்துடுங்கண்ணே. ஜெயிலுக்குப் போனவரை வேலைக்கு வைக்காதேன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்களை மாதிரி ஒரு சேல்ஸ்மேன் எனக்கு எங்கே கிடைப்பாங்க?" என்றவள், அலமாரியில் காலியான இடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த வாரம் உங்க பின்னால வந்த மூணு போலீஸ்காரங்களும் ஆளுக்கொரு மிஷின் வாங்கியாச்சு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் திருட்டு முழி முழிச்சீங்கன்னா, அவங்க அதிகாரியே வந்துடுவாரு."