ரூம் ரெடியாகும்வரை

மட்டாஞ்சேரியில் சுக்கு காயும் முற்றத்தில் வெயில் ஏறிவிட்டது. பூச்சி அரிக்காமலிருக்கப் பூசிய சுண்ணாம்புத் தூள் பறக்க, முறத்தில் சுக்கைப் புடைத்துக்கொண்டிருக்கிறாள் செல்வராணி. அவள் கணவனின் தங்கை ஷைலஜா, புதுச் சுடிதாரில் தூசி படாமல் தள்ளி நின்று, செல்போனைப் பார்த்து ஆங்கிலச் சொற்களை முணுமுணுக்கிறாள். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறை வேலைக்கு இருவரும்தான் மனுப் போட்டார்கள். ஷைலஜாவை மட்டும் இன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தவள் செல்வராணி.

“அண்ணி, கீப், ஹோல்டு, டீடெயின், எல்லாம் பிடிச்சு வைக்கிறதுதானே? ரூம் ரெடியாகலைன்னா கெஸ்ட்டுகிட்ட இப்படிச் சொல்லப் போறேன். சார், வீ வில் டீடெயின் யூ!”

போலீஸ்காரர்கள் ஆளைப் பிடித்து வைப்பதற்குச் சொல்கிற சொல் அது. செல்வராணிக்குத் தெரியும். முறம் நிற்கிறது. சொல்ல வேண்டிய சரியான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஷைலஜா தலையை ஆட்டும்போது காதில் புதுக் கம்மல் வெயிலில் மின்னுகிறது.

“எந்தா அண்ணி, நான் சொன்னது தப்பா?”

“கொள்ளாம்டி, நல்லாருக்கு. ஸ்டைலாத்தான் இருக்கு.”

ஷைலஜா வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். செல்வராணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அவள் ஷாலில் கழன்றிருக்கும் ஊக்கைப் பார்த்துப் பதமாகக் குத்திவிடுகிறாள்.

“பயப்படாதே, கேட்டியா? சத்தமாச் சொல்லு.”