மெழுகுப் பொட்டு

யுத்த காலத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க ஒட்டிய கறுப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்ட ஜன்னல் வழியாக, சாந்தோம் பக்கத்துச் சின்னக் கோயிலின் ஆர்மோனியத்தின்மேல் சாயங்கால வெயில் விழுகிறது. டோரதி இரண்டு கையையும் கட்டைகள்மேல் வைக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாய்த்தது வெறும் பலகைதான். அதில் கரியால் கட்டைகளை வரைந்து, வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் வாசித்துப் பழகியவள். ஒரு பாட்டு கைக்கு வந்துவிட்டால் பலகை ஓரத்தில் ஒரு மெழுகுப் பொட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவளே வாசிக்கட்டுமென்று சாமியார் இன்றுதான் சொன்னார். விரல்கள் தாமாகவே ஓடுகின்றன, சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்திப் பார்க்கிறாள். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை ஆரோக்கியநாதன் திரும்பிப் பார்க்கிறார். "இன்னாம்மா, மிதிக்காமலே வாசிச்சிக்கினு கீறே? கால் மிதிச்சாதான காத்து வரும்! இது உன் பலகை இல்லம்மா." டோரதி சிரித்துக்கொண்டே மிதிக்கிறாள். இத்தனை நாளும் அவளுக்கு மட்டுமே கேட்ட பாட்டை, எரிகிற மெழுகுவத்தியும் கையுமாக ஆரோக்கியநாதன் கூடவே பாடுகிறார்.