மார்க் குறையக் கூடாது

சீனாவிலிருந்து மலேசியா வந்த டூரிஸ்ட் லியாங், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூக்கைத் துடைத்த டிஷ்யூவைக் கீழே போட்டார்.

அவரைக் காரில் கூட்டி வந்த டிரைவர் நாகப்பன் பாய்ந்து போய் அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டீ ஸ்டால் சரோஜா முகத்தைச் சுளித்தாள்.

"என்னண்ணே, டிப்ஸுக்காகச் சளியக்கூட பொறுக்குவீங்களா?"

"ஒனக்குத் தெரியாது. போன்ல வீடியோ பார்த்தேன். அவுங்க நாட்டுல கவர்மெண்டு ஆளாளுக்கு மார்க் போடுதாம். குப்ப போட்டா கொறஞ்சிரும். கொறஞ்சா பிளேன்ல ஏத்த மாட்டாங்களாம். எப்படி வீடு போய்ச் சேருவாரு? பாவம்லா."

"இங்க போட்ட குப்ப அங்க எப்படித் தெரியும்?"

"சாட்டிலைட்டு," என்றார் நாகப்பன், குரலைத் தாழ்த்தி.

லியாங்குக்கு மலாய் தெரியாது. நாகப்பனுக்குச் சீனம் தெரியாது. எல்லாம் கை ஜாடைதான்.

கியா பார்ம் சந்தையில் லியாங் ஸ்ட்ராபெரிக்குப் பேரம் பேசப் போனார். சண்டை வந்து மார்க் போய்விடுமே! நாகப்பன் நடுவில் புகுந்து அவரையும் கடைக்காரரையும் கைகுலுக்க வைத்தார்.

வயசானவர்களுக்கு உதவினால் மார்க் ஏறுமாம். எதிரே வந்த தங்கம்மா கிழவியின் காய்கறிக் கூடையை லியாங்கின் தலையில் ஏற்றி, பஸ் ஸ்டாப்வரை சுமக்க வைத்தார். தங்கம்மா அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எதற்கும் லியாங் மறுக்கவில்லை. வியர்வை வழியச் சிரித்தார்.

'எவ்வளவு பயந்துபோய் வாழறாரு' என்று நாகப்பனுக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் பிரிஞ்சாங் டவுனில், லியாங் தங்கியிருந்த ஹோட்டலில் இறக்கிவிட்டார். கவுன்ட்டரில் இருந்த சியூ லானுக்கு மலாய், சீனம் இரண்டும் தெரியும்.

"இன்னிக்கு இவருக்கு மார்க் கொறஞ்சிருக்காதுன்னு சொல்லும்மா. நிம்மதியாத் தூங்கட்டும்."

அவள் சொன்னாள். லியாங் திகைத்து, ஏதோ நீளமாகப் பேசினார்.

"அங்கிள், அப்படி ஆளாளுக்கு மார்க் போடறது அங்க இல்லையாம். சில டவுன்ல சோதிச்சுப் பார்த்தாங்களாம், அவ்வளவுதான். கோர்ட்டு சொல்லியும் கடனக் கட்டாதவங்களுக்குத்தான் பிளேன் டிக்கெட் கெடைக்காதாம்."

நாகப்பன் முகம் தொங்கிப்போனது. "அப்புறம் ஏன் நான் சொன்னதெல்லாம் செஞ்சாரு?"

சியூ லான் கேட்டாள். லியாங் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இவரும் ஒரு வீடியோ பார்த்தாராம். டூரிஸ்ட்டுங்க டிரைவரோட பேச்சக் கேக்கலன்னா, மலேசியா கவர்மெண்டு டிரைவருக்கு மார்க் கொறைச்சு லைசென்ஸப் புடுங்கிடுமாம். உங்க பொழப்பு போயிடக் கூடாதுன்னுதான் எல்லாத்துக்கும் தலையாட்டினாராம். இப்ப உங்களுக்கு எவ்வளவு மார்க்குன்னு கேக்கறாரு."

'அப்படி ஒண்ணும் இல்லையே' என்று சொல்ல வாயெடுத்த நாகப்பன், லியாங்கின் களைத்த முகத்தைப் பார்த்தார்.

"ஃபுல் மார்க்குன்னு சொல்லும்மா."