மூணு கோடு

போட்டோவில் இருந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் தெரிந்த போர்டை ஜலாலுதீன் விரலால் தட்டிக் காட்டினார். “இது இன்னாப்பா, மூணு கோடு போட்டிருக்கு? நீ மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல ரேடியோ வேலை பாக்குறவன். உனக்குத்தான் தெரியும்.”

அப்துல் ரவூப் டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஐ.எல்.எஸ். என்று எழுதி, பக்கத்தில் ரோமன் எண்ணில் மூன்று போட்டிருந்தது. பனிமூட்டத்தில் கண் தெரியாமல் வருகிற விமானத்துக்கு ரேடியோ அலையால் ஓடுபாதையைக் காட்டிக்கொடுக்கிற கருவி அது. அதில் மூன்று வகை, மூன்றாவதுதான் உசத்தி. மீனம்பாக்கத்தில் அவன் பார்த்துக்கொள்வது முதல் வகை.

“பையன் அரபு நாட்டு ஏர்போர்ட்டுல இந்த மெஷினுக்குத்தான் இன்ஜினியராம். ஹஜ்ஜுக்குப் போறவன் எந்தப் பாக்கியும் வைக்கக் கூடாதும்பாங்க. அதுக்குள்ள இந்தக் கடமையை முடிச்சுட்டுப் போயிடணும்னு பாக்குறேன்” என்றார் ஜலாலுதீன்.

ரவூப்புக்கு வயிறு குளிர்ந்தது. ஜலாலுதீன் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருப்பது பழவேற்காட்டுக்கே தெரியும். இந்த நாளுக்காகத்தானே அவன் காத்திருந்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவன் தங்கை ஜைனம்புவைப் பார்க்க வந்தவர்கள், பெண் எப்படி என்று இதே மனுஷனிடம்தான் விசாரித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் இருந்த வேலித் தகராறு ஆத்திரத்தில், பெண்ணுக்கு வலிப்பு வரும் என்று வாய் கூசாமல் சொன்னார். வந்தவர்கள் ஆக்கி வைத்த பிரியாணியைத் தொடாமல் போனார்கள். அதற்கப்புறம் ஒரு வரன்கூட அந்த வாசலை மிதிக்கவில்லை.

பாவி மனுஷா, கடைசியில் என்னிடமே வந்து மாட்டினாயா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான் ரவூப்.

“ரயில்ல முந்தி மூணாங்கிளாஸ் இருந்துச்சே மாமு, அதே கதைதான். ஒண்ணு உசத்தி, ரெண்டு சுமார். மூணுன்னா காயலாங்கடைக்குப் போற மெஷின். இவரு இன்ஜினியரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தொடைக்கிற ஆளா இருப்பாரு.”

ஜலாலுதீனின் முகம் தொங்கிப்போனது. “அவங்க மாமா பெருமையா இல்ல சொன்னாரு?”

“பொண்ணு எடுக்க வந்தவங்க வேற எப்பிடிச் சொல்லுவாங்க?”

“உன் கூடப் பொறந்தவள நெனச்சுச் சொல்லு ரவூப்பு. குடுக்கலாமா?”

“ஏரியில தள்ளினாலும் தள்ளுவேன், இவனுக்குக் குடுக்க மாட்டேன்.”

டீக்கடைக்கு எதிரே பொன்னேரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் மாப்பிள்ளையின் மாமா பதிலுக்காகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். இங்கே சரிவராவிட்டால் இன்று சாயங்காலமே பொன்னேரியில் வேறு இடத்தைப் பேசி முடித்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தாராம்.

ஜலாலுதீன் எழுந்துபோய் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். “நமக்குத் தோதுப்படாது பாய், மன்னிச்சுக்குங்க” என்றார். கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ரவூப் மிச்ச டீயை உறிஞ்சினான். ஆறிப்போன டீ அவ்வளவு ருசியாக இருந்தது. பழி தீர்ந்த சந்தோஷத்தில் இன்னும் ஒரு குத்து குத்திப் பார்க்கலாம் என்று நாக்கு துடித்தது.

“கவலைப்படாதீங்க மாமு. உங்க பொண்ணுக்கு வேற எடம் வராமலா போயிடும்?”

ஜலாலுதீன் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார்.

“எம் பொண்ணுக்கா? நம்ம ஜைனம்புக்குத்தாம்பா பாத்தேன்.”