தொட்டிலில் ஒரு பெயர்

“பேரை நீங்கதான் வைக்கணும். பாப்பாவைத் தொட்டில்ல போடுற அன்னிக்கு வரைக்கும் எங்கிட்டகூடச் சொல்லாதீங்க” என்று கணவனிடம் சொன்னதே சுகந்திதான். ஒரு வாரமாகக் குணாளன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் எதையோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். பெயர் சூட்டும் நாளில் வீடு நிறைய உறவினர்கள். குழந்தையின் காதருகே குனிந்தவன் “ம… ம… ம…” என்று நின்றுவிட்டான். கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. கடைக்காரரிடமும் கண்டக்டரிடமும் அவனுக்காக முடித்துவைப்பதுபோலவே, “மதுமிதா” என்று சொல்லிவிட்டாள் சுகந்தி. அவள் மனதுக்குள் ஆசைப்பட்டிருந்த பெயர் அது. குணாளன் நிமிர்ந்து தலையாட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தார்கள்.

பந்தி முடிந்து பால் கொடுக்க வந்தவள் அறை வாசலிலேயே நின்றாள். குணாளன் தொட்டிலை ஆட்டியபடி மெல்லப் பாடிக்கொண்டிருந்தான். பாடும்போது அவனுக்குத் திக்கவே இல்லை. “மந்தாரை, கண்ணுறங்கு… எங்க மந்தாரை, கண்ணுறங்கு…” குழந்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, நீங்க வைக்க நெனச்ச பேரு என்ன?”

பாட்டு நின்றது. “ம… ம…” என்றான். சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும் சரி, இந்த முறை வாயைத் திறக்கக் கூடாது. அவனோ பாதியிலேயே நிறுத்திவிட்டு, அவள் முடித்துவைக்கட்டும் என்று அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.