கடிபட்ட கை

பெரியப்பா சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அடுத்து யாரு?"

கூடத்தில் சிரிப்பு. என் தம்பி மகன் போய்க் குனிந்தான். அவர் கையிலிருந்த தழும்பின்மேல் வாயைப் பொருத்தி, பல்லை வைத்து எடுத்தான். ஒரு சாக்லேட் கிடைத்தது. அவன் எச்சில் அந்த இடத்தில் பளபளத்தது. பெரியப்பா அதைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் இதிலிருந்து தப்பியதில்லை. பல் முளைத்து, பெரியப்பாவின் முழங்கால்களுக்கு நடுவே நிற்கிற உயரம் வந்துவிட்டால் போதும், அந்தத் தழும்பில் வாய் வைத்தே ஆக வேண்டும். அளவு சரியாக இருக்கிறதா என்று பெரியவர்கள் சுற்றி நின்று தீர்ப்புச் சொல்வார்கள்.

காரணம் நான்.

ஒண்ணாம் வகுப்புப் படிக்கும்போது நான் அவரைக் கடித்துவிட்டேனாம். அப்பா ஊரில் இல்லாத ஒரு மத்தியானம், எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். தூங்கிக்கொண்டிருந்த என்னை ஆசையாக எழுப்பினாராம். அவ்வளவுதானாம். புண் சீழ் வைத்து, ஆற வெகுநாள் ஆனதாம். அந்தச் சீழைப் பற்றிச் சாப்பிடும்போதுதான் சொல்வார், விரலை நக்கிக்கொண்டே.

எனக்கு எதுவும் நினைவில்லை. அப்பா திரும்பி வந்து என்னை அறைந்தது மட்டும் நினைவிருக்கிறது. எதற்கு என்று கேட்கத் தெரியாமல் நின்றேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து நான் 'நாய்க்குட்டி'.

என் கல்யாணத்தில் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ளே, ஊசி போட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க?" என்று கேட்டார். நானும்தான் சிரித்தேன்.

ஆனால் அந்தக் கடிக்கிற குழந்தையை எனக்குள் எத்தனையோ வருடங்களாகத் தேடியிருக்கிறேன். யார்மேலாவது கோபம் வந்தால் முதலில் தாடையை இறுக்கிக்கொள்வேன். எனக்குள் ஏதோ ஒன்றைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன், கொஞ்சம் அசந்தால் அது யாரையாவது குதறிவிடும் என்றே நம்பியிருந்தேன். மகள் பிறந்தபோது அவளை முத்தமிடக்கூட முதலில் பயமாக இருந்தது.

இத்தனை நாள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டிருந்தேன். இன்று அவள் முறை.

"வேண்டாம்ப்பா," என்றேன்.

"சும்மா ஒரு விளையாட்டு. மூஞ்சிய அப்படி வச்சுக்காதே." அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியப்பாவின் முன்னால் நிறுத்தினார்.

"வாடி, நாய்க்குட்டியோட குட்டி!"

அவளை இழுத்துக்கொள்ள நானும் பின்னாலேயே போனேன். அதனால்தான் அந்தக் கையை அவ்வளவு பக்கத்தில் பார்க்க நேர்ந்தது. இதுவரை ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை. அருவருப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

வியர்வையில் பவுடர் திரிதிரியாகத் திரண்டிருந்தது. நரைத்த மயிர், முந்தின குழந்தைகளின் எச்சில் பட்டுத் தழும்பைச் சுற்றி ஒட்டிக்கிடந்தது. நடுவில் அந்தத் தழும்பு, வழவழவென்று, இளஞ்சிவப்பாக, தோல் உரித்த ஏதோ ஒன்றைப் போல.

மகள் வாயைத் திறந்து அதன்மேல் வைத்தாள். முன்பல் இரண்டும் விழுந்த வாய்.

"அம்மா அளவு வருதா பாருங்க," என்றார் அப்பா.

வரவில்லை. அவளுடைய சின்ன வாய் அந்தத் தழும்பின் வளைவுக்குள்ளேயே அடங்கிப்போனது.

நான் பல் செட் செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர்களின் பல் அச்சுகளோடுதான் என் வேலை. இந்த ஒரு அச்சை மட்டும் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

தழும்பில் முன்பற்கள் நான்கும் வரிசையாகப் பதிந்திருந்தன. அகலமான, வளர்ந்த பற்கள். ஒண்ணாம் வகுப்பில் எடுத்த படத்தில் நானும் என் மகளைப் போலத்தான் இருக்கிறேன், முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டு.

ஓரத்தில் ஒரு கோரைப்பல் மட்டும் வரிசையை விட்டு வெளியே தள்ளிப்போய்க் குத்தியிருந்தது.

அந்தப் பல்லை எனக்குத் தெரியும். போன வருடம் பற்களையெல்லாம் எடுப்பதற்கு முன்னால் அம்மாவின் வாயில் நான்தான் அச்சு எடுத்தேன். பிளாஸ்டர் காய்ந்த பிறகு, துருத்திக்கொண்டிருந்த அந்த ஒற்றைப் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

சுற்றிலும் சிரிப்பு ஓயவில்லை. அப்பாவின் சிரிப்புதான் எல்லோருடையதையும் விட உரக்கக் கேட்டது. பெரியப்பா சிரிக்கச் சிரிக்க, மகளின் உதட்டுக்குக் கீழே அந்தக் கையும் குலுங்கியது.



அவளை வெடுக்கென்று இழுத்தேன். "அட, சாக்லேட் வாங்கிக்கடி!" என்று பின்னால் குரல் வந்தது. யாருடையது என்று நான் பார்க்கவில்லை.

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். தம்பி மகனுக்கும் அவள்தான் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்திருந்தாள். அவனுக்கு முன்னால் எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்தாளோ.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உவ்வே, உப்புக் கரிக்குது!" என்றாள் மகள்.

அம்மா குனிந்து டம்ளரை அவள் உதட்டில் வைத்தாள்.

"தெரியும் கண்ணு. துப்பு."